கற்றவர்க்கு ஊரில் ஓர் இடம்



மாரண்டஹள்ளியில் விளையும் தக்காளியை வாங்கப் பாலக்கோட்டில் சந்தை உண்டு. இங்கே படித்தவர்களின் கல்விக்கோ அத்தகைய சந்தை இல்லை. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதல், வேலை தேடும் பிள்ளைகள் வடக்கு நோக்கி ரயிலேறுகின்றனர். ஏற இயலாதோர் நிலை என்ன?

முதிய பெற்றோரைப் பேணுவதற்காக ஊரிலேயே தங்கிய பெண் ஒருவரை அறிவேன். கணிதத்தில் முதுகலை முடித்தவர். கணக்கெழுதும் பணி கேட்டுச் சென்ற இடங்களில், "இவ்வளவு படித்திருக்கிறீர்கள், இங்கே நிலைக்க மாட்டீர்களே அம்மா" என்று திருப்பி அனுப்பினர். கற்ற கல்வியே தடையாயிற்று! வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்த தகுதியுள்ள பட்டதாரிக்கு அரசு வழங்கும் உதவித்தொகை மாதம் 600 ரூபாய். அது சிறு துணையே, பணியாகாது.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்களை நம் அறம் கூறுகிறது. பிள்ளைகளின் படிப்புக்கு மனமுவந்து பொருள் உதவுகிறோம். அத்துடன் சாத்திர தானம் நிறைவுற்றதாகுமா? கடையும் ஆலையும் நடத்தும் பெருமக்களே, பணியிடம் ஒன்று காலியானால் முதலில் உள்ளூர்ப் பிள்ளைகளை அழையுங்கள். மூன்று மாதம் பணியாற்றச் செய்து பாருங்கள். நிலைப்பாரோ என ஐயுறுமுன், நிலைக்க இடம் அளியுங்கள்.

அந்தப் பெண் இன்னும் காத்திருக்கிறார்.