தரங்கம்பாடியில் ஒரு சுற்று

நெசவாளர் ஊரான நம் சேவூரில் விடிந்ததும் தறிக்குழியில் இறங்கினால் பொழுது சாயும்வரை உட்கார்ந்த வேலைதான். காலாற நடக்கவும் கடலைப் பார்க்கவும் ஏற்ற ஓர் ஊரைச் சொல்கிறேன். மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடி.

ஊர் முகப்பில் 1792-ல் கட்டிய நகர வாயில். அதைத் தாண்டினால் ராஜவீதி நேரே கடலுக்குப் போகிறது. வழியில் 1701-ல் எழுந்த சீயோன் ஆலயமும், மிஷனரி சீகன்பால்கு 1718-ல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயமும் இருக்கின்றன.

கடற்கரையில் டேனிஷ் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, டென்மார்க்குக்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கியது. கீழ்த்தளத்தில் கிடங்குகள், சிறை, வீரர்களின் அறைகள். மேல்தளத்தில் அதிகாரிகள் இருந்தார்கள். மதில்மேல் ஏறினால் கண்ணெட்டும் தூரம் வரை வங்கக் கடல். நம் நெசவாளர்கள் நெய்த பருத்தித் துணி இந்தக் கரையிலிருந்துதான் டென்மார்க்குக்குக் கப்பலேறியது. 1845-ல் டேனியர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

கரையோரமாகவே வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306-ல் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அங்கிருந்து உள்தெருக்கள் வழியே திரும்பினால் மறுபடி நகர வாயிலுக்கே வந்துவிடலாம்.

வெயில் ஏறுமுன் புறப்படுங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். கோட்டைச் சுவரில் யாரும் பெயர் கிறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 400 ஆண்டுகள் உப்புக்காற்றைத் தாங்கிய சுவர், பேரப்பிள்ளைகளுக்கும் மிஞ்சவேண்டும்.