ரெண்டு மாத்திரை சேர்ந்தா ரெண்டு மடங்கு பலனா?

இன்னிக்கு வாயில சட்டுன்னு நுழையாத பேருள்ள ஒரு நோயைப் பத்திப் பேசப்போறேன். கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டி. பேர் புதுசா இருக்கலாம், ஆனா இந்த நோய் வந்த ஒருத்தரை உங்க எல்லாருக்கும் தெரியும்: ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ். 2003ல கண்டுபிடிச்சாங்க, 2011ல இறந்தார். நம்ம நாட்டுல நடிகர் இர்ஃபான் கான், தனக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி இருக்குன்னு 2018 மார்ச்ல சொன்னார். 'நியூரோ'ன்னதும் மூளையில கட்டின்னு பலர் நினைச்சாங்க. அப்படி அர்த்தம் இல்லைன்னு அவரே விளக்க வேண்டியிருந்தது.

எனக்கு இது வெறும் செய்தி இல்ல. எங்க மாமா, அதாவது அம்மாவோட அண்ணன், ஆழ்வார்திருநகரியில வாழை போடுறவர். அவருக்கு இந்தக் கட்டி கணையத்துல ஆரம்பிச்சு கல்லீரலுக்குப் பரவியிருக்கு. ரெண்டு கீமோ மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கலாம்னு டாக்டர் சொன்னதும், அத்தை சென்னைக்குப் போன் போட்டு என்கிட்ட கேட்டாங்க: "மாமா ஒரு மருந்தையே தாங்குவாவளோ என்னமோ. ரெண்டு எதுக்குய்யா?"

நான் டாக்டர் இல்ல. ஆனா அது நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் தேடினதைத்தான் இப்போ சொல்றேன்.

முதல்ல நோய். கணையத்துக்கு ரெண்டு வேலை உண்டு. ஒண்ணு, செரிமானத்துக்கான நீரைச் சுரக்குறது. இன்னொண்ணு, இன்சுலின் மாதிரி ஹார்மோன்களை ரத்தத்துல விடுறது. நாம பயப்படுற வழக்கமான கணையப் புற்றுநோய், செரிமான நீர் ஓடுற குழாய்கள்ல வர்றது. ரொம்ப வேகமானது. நான் சொல்றது ஹார்மோன் வேலை பார்க்குற செல்கள்ல வர்றது. பெரும்பாலும் மெதுவா வளரும். அதனாலேயே, பரவின பிறகும் பல வருஷம் வாழ்றவங்க இருக்காங்க. ஸ்கேன்ல 'கணையத்துல கட்டி'ன்னு பார்த்ததும் முடிவு கட்டிடாம, பயாப்ஸி ரிப்போர்ட்ல எந்த வகைன்னு பார்க்கணும். அதுல 'கேஐ-67'ன்னு ஒரு எண் இருக்கும். செல்கள் எவ்வளவு வேகமா பெருகுதுன்னு அது சொல்லும். 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தா மெதுவானது, 20ஐத் தாண்டினா வேகமானது.

இப்போ மருந்து. கேபெசிடபின், டெமோசோலோமைடு. ரெண்டு பேரையும் சுருக்கிச் சேர்த்து 'கேப்டெம்'னு சொல்வாங்க. ரெண்டுமே வாயில போடுற மாத்திரை. ரெண்டுக்கும் இந்தியக் கம்பெனிகள் தயாரிக்கிற ஜெனரிக் வகை கிடைக்குது. 28 நாள் ஒரு சுற்று. முதல் 14 நாள் கேபெசிடபின். அதுல கடைசி 5 நாள் டெமோசோலோமைடும் சேரும். மீதி 14 நாள் ஓய்வு.

ஏன் இந்த வரிசை? அத்தைக்கு நான் சொன்னது இதுதான். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவங்க அவங்க. கரை உடைஞ்சா ஆளுங்க ஓடிவந்து மணல் மூட்டை அடுக்குவாங்கல்ல? டெமோசோலோமைடு புற்று செல்லோட டி.என்.ஏ.வை உடைக்கிற மருந்து. அந்த செல்லுக்குள்ளேயே உடைப்பை அடைக்கிற ஒரு புரதம் இருக்கு, பேர் எம்ஜிஎம்டி. கேபெசிடபினை முன்னாடியே கொடுத்தா, அடைக்கிற ஆள் பலம் குறையும், உடைப்பு உடைப்பாவே நிற்கும். இது ஆய்வகத்துல பார்த்ததை வச்சு வந்த யோசனை.

யோசனை நல்லா இருந்தா போதுமா? 2011ல 30 பேரைப் பத்தின ஒரு அறிக்கை வந்தது. அதுல 70 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. ஆனா அதுல ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்ல. அதனால அமெரிக்காவுல 144 நோயாளிகளை ரெண்டு குழுவா, குலுக்கல் முறையில பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு டெமோசோலோமைடு மட்டும், இன்னொண்ணுக்கு ரெண்டும். 2023ல இதழில் வந்த முடிவு இது: கட்டி மறுபடி வளராம இருந்த காலம், ஒரு மருந்துக்கு 14.4 மாதம், ரெண்டுக்கும் சேர்த்து 22.7 மாதம். எட்டு மாதம் கூடுதல். சின்ன விஷயம் இல்ல.

ஆனா அதே ஆய்வோட மத்த எண்களையும் பாருங்க. கட்டி சுருங்கினது 70 இல்ல, 40 சதவீதம் பேருக்கு. ஒரே மருந்து எடுத்தவங்கள்லயே 34 சதவீதம் பேருக்குச் சுருங்கியது. மொத்த ஆயுள் 53.8 மாதம், 58.7 மாதம். அந்த வித்தியாசத்தை உறுதியான வித்தியாசம்னு சொல்ல முடியாது. கடுமையான பக்கவிளைவு 22 சதவீதத்துல இருந்து 45 சதவீதமா ஏறியது.

சேர்த்தாலே கூடும்னும் இல்ல. 2017ல வந்த இன்னொரு ஆய்வுல எவரோலிமஸ் மருந்தோட பாசிரியோடைடைச் சேர்த்துப் பார்த்தாங்க. சேர்த்தவங்களுக்கு 16.8 மாதம், எவரோலிமஸ் மட்டும் எடுத்தவங்களுக்கு 16.6. அதாவது பக்கவிளைவு ரெண்டு மருந்துக்கு, பலன் ஒரு மருந்துக்கு.

அப்போ மாமாவுக்கு? அவருக்குப் பெரிய கவலை மாதக்கணக்கு இல்ல. கேபெசிடபின்ல உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரியும், தோல் உரியும். வெறுங்காலோட வயல்ல இறங்கி மண்வெட்டி பிடிக்கிற ஆளுக்கு அது பொழப்பு சம்பந்தப்பட்டது. டாக்டர்கிட்ட இதை நேராவே சொல்லிட்டார். தோல் உரிய ஆரம்பிச்சா உடனே சொல்லுங்க, அளவைக் குறைக்கலாம், நிறுத்தி வைக்கலாம்னு அவர் சொன்னார். வேலைக்கு ஆள் வச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணி, மாமா மாத்திரையை ஆரம்பிச்சார். காலண்டர்ல எந்தெந்த நாள் எந்த மாத்திரைன்னு அத்தை ரெண்டு கலர் பேனாவுல எழுதி வச்சிருக்காங்க. ரத்த அணுக்கள் குறையலாம்ங்கிறதால ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடுறதே இல்ல.

உங்க வீட்டுல யாருக்காவது இந்தப் பேச்சு வந்தா, டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. இந்தக் கூட்டு மருந்தை எதோட ஒப்பிட்டு நல்லதுன்னு சொல்றாங்க? கூடுதலா கிடைக்கிறது ஆயுளா, கட்டி வளராத காலமா? எந்தப் பக்கவிளைவு வந்தா மறுநாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது? ஏற்கெனவே போடுற மாத்திரை எல்லாத்தையும் சொல்லிடுங்க. ரத்தம் உறையாம இருக்கத் தர்ற வார்ஃபரின் இருந்தா கண்டிப்பா சொல்லணும், கேபெசிடபினோட சேர்ந்தா ரத்தக்கசிவு ஆபத்து கூடும். நாட்டு மருந்து இருந்தா அதையும் மறைக்க வேண்டாம்.

கேள்வி கேட்டா டாக்டர் கோவிச்சுப்பாரோன்னு நம்ம பெரியவங்க தயங்குவாங்க. அப்போ பக்கத்துல உட்கார்ந்து கேட்க வேண்டியது நாமதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.