வெள்ளைப் புடவையில் திரும்பி வந்த குரல்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மாத்தூர் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பழக்கம் இல்ல. சாதித்த பெண் ஒருத்தரைப் பத்திப் பேசணும்னு சொன்னாங்க. அதனால நோட்டுல எழுதி வெச்சுப் படிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

நான் பேசப் போறது கே.பி.சுந்தராம்பாள் அம்மாவைப் பத்தி. பேர் தெரியலன்னாலும் குரல் உங்க எல்லாருக்கும் தெரியும். ஆடி மாசம் நம்ம மாத்தூர்ல கூழ் ஊத்தும்போது விடியக்காலையில மைக் செட்டுல பாடுவாங்களே, அவங்கதான். திருவிளையாடல் படத்துல பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டுப் போன முருகனைச் சமாதானம் பண்ற ஔவையார் பாட்டியும் அவங்கதான். எங்க மாமியார் அந்தக் குரல் கேட்டா கையில இருக்கிற வேலையை அப்படியே போட்டுட்டு நிப்பாங்க.

அவங்க 1908-ல் காவிரிக்கரையில இருக்கிற கொடுமுடியில பிறந்தாங்க. அம்மா பேரு பாலாம்பாள். அப்பா சின்ன வயசுலேயே போயிட்டார். சோத்துக்கே கஷ்டம். சின்னப் பிள்ளையா ரயில்ல பாடினாங்கன்னும், அந்தக் குரலைக் கேட்டுத்தான் நாடகத்துல சேர்த்துவிட்டாங்கன்னும் சொல்வாங்க. நாம பாரீஸுக்குச் சரக்கு எடுக்கப் போறப்போ எலக்ட்ரிக் ட்ரெயின்ல சின்னப் பசங்க பாடிக்கிட்டு வந்து கை நீட்டுவாங்க இல்லையா? இனிமே அந்தக் குரலைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க.

கும்பகோணத்துல வேலு நாயர் நாடகக் கம்பெனியில சேர்ந்து சின்னப் பையன் வேஷம் எல்லாம் கட்டி நடிச்சாங்க. அந்தக் காலத்து நாடக மேடையில மைக் கிடையாது. கடைசியில தரையில உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் கேட்கணும்னா தொண்டையிலதான் பலம் இருக்கணும். இவங்க குரல் அப்படிப்பட்ட குரல். இலங்கைக்கு எல்லாம் போய்ப் பாடினாங்க.

அங்கே அவங்களோட சேர்ந்து நடிச்சவர் எஸ்.ஜி.கிட்டப்பா. அவரும் பெரிய பாட்டுக்காரர். வள்ளி திருமணம் நாடகத்துல ரெண்டு பேரும் எதிர்ப்பாட்டு பாடினா கூட்டம் அலைமோதுமாம். ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தாங்க. அதனால வாழ்க்கை நிம்மதியா இல்ல. சண்டை, பிரிவு, கடிதம்னு போச்சு. 1933 டிசம்பர்ல கிட்டப்பா இறந்துட்டார். அப்போ சுந்தராம்பாள் அம்மாவுக்கு வயசு 25.

அன்னிக்கு வெள்ளைப் புடவை கட்டினவங்க கடைசி வரைக்கும் மாத்தவே இல்ல. இனிமே எந்த ஆணோடவும் ஜோடியா நடிக்க மாட்டேன்னு முடிவு பண்ணாங்க. கொஞ்ச காலம் மேடையே ஏறாம இருந்தாங்க.

இதோட கதை முடிஞ்சிருந்தா இன்னிக்கு நான் அவங்களைப் பத்திப் பேச மாட்டேன். ஆனா அவங்க திரும்பி வந்தாங்க. ஜோடியா நடிக்க மாட்டேன்னு சொன்னவங்க, நந்தனார் வேஷத்தைத் தானே கட்டிக்கிட்டாங்க. 1935-ல் அதே கதை படமா வந்தப்போ அவங்களுக்குச் சம்பளம் ஒரு லட்ச ரூபாய். நம்ம குழுவுக்கு ஒரு லட்சம் பேங்க் லோன் வாங்க எத்தனை தடவை நடக்கிறோம்! 1935-ல் அது எவ்வளவு பெரிய பணம்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

சுதந்திரப் போராட்டத்துல சத்தியமூர்த்தி அவங்களைக் காங்கிரஸ் மேடைகள்ல பாட வெச்சார். 1951-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினர் ஆனாங்க. சினிமாவுல இருந்து சட்டசபைப் பக்கம் போனவங்கள்ல முதல் ஆளு இவங்கதான்னு சொல்வாங்க. 1953-ல் ஜெமினி எடுத்த ஔவையார் படம். அப்புறம் பூம்புகார், திருவிளையாடல், காரைக்கால் அம்மையார். துணைவன் படத்துல பாடினதுக்கு தேசிய விருது. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் காலமானாங்க.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணவர் போனப்புறம் 46 வருஷத்துக்கு மேல வாழ்ந்திருக்காங்க. பேரும் புகழும் பெரும்பாலும் அந்த 46 வருஷத்துலதான்.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போது, அவங்க மேடை ஏறாம இருந்த அந்த இடத்துல என் பேனா நின்னுடுச்சு. ஏன்னு சொல்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் எங்க குழுவுல ஊக்குநரா இருந்தேன். எங்க குழுவுல ஒரு தங்கச்சியோட வீட்டுக்காரர் இறந்துட்டார். கான்ட்ராக்ட் வேலைக்குப் போனவர். நாங்க எல்லாரும் மாலை வாங்கிட்டுப் போனோம், அழுதோம், வந்துட்டோம். அதுக்கப்புறம் அவ மூணு கூட்டத்துக்கு வரல. சேமிப்பும் கட்டல. அவ பாக்கிக் கடனுக்கு அவ சேமிப்பையே சரிக்கட்டி, பேரை நீக்கறோம்னு தீர்மான நோட்டுல எழுதினோம். எழுதினது என் கைதான். பேருக்கு மேல ஸ்கேல் வெச்சு நேரா கோடு போட்டேன்.

விதிப்படி சரிதான். யாரும் தப்பு சொல்லல. ஆனா ஒருத்தர் கூட அவ வீட்டுக்குப் போய் "ஏம்மா வரல?"ன்னு கேட்கல.

சுந்தராம்பாள் அம்மா நம்ம குழுவுல இருந்திருந்தா, அந்த மாசங்கள்ல அவங்க பேருக்கும் நான் கோடு போட்டிருப்பேன்.

போன வாரம் அவ வீட்டுக்குப் போனேன். பேசவே கூச்சமா இருந்துச்சு. அவதான் டீ போட்டுக் குடுத்தா. "நீங்க யாராவது கூப்பிடுவீங்கன்னு இருந்தேங்க்கா. அந்தக் கோலத்துல நானா எப்படி வர்றது?"ன்னு சொன்னா. எனக்குப் பதில் வரல. இட்லி மாவு அரைச்சு வித்துக்கிட்டு ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறா. கிரைண்டர் வாங்க வெளியில வட்டிக்கு வாங்கியிருக்கா. நம்ம குழுவுல இருந்திருந்தா உள்கடனே குடுத்திருக்கலாம்.

அதனால தலைவி அக்காகிட்ட ரெண்டு விஷயம் கேட்டுக்கிறேன். ஒரு உறுப்பினரோட கணவர் இறந்தா, ஆறு மாசத்துக்குச் சேமிப்பு கட்டலன்னாலும் பேரை எடுக்கக் கூடாது, ஊக்குநரும் பிரதிநிதியும் நேர்ல போய்க் கூட்டிட்டு வரணும்னு எல்லாக் குழுவும் தீர்மானம் போடணும். ரெண்டாவது, விளக்கு ஏத்த நாம எப்பவும் பூவும் பொட்டும் வெச்சவங்களைத்தான் கூப்பிடுறோம். இன்னிக்கும் அப்படித்தான் நடந்துச்சு. அடுத்த வருஷம் முதல் திரியை, கணவரை இழந்த ஒரு அக்கா ஏத்தட்டும். வெள்ளைப் புடவை கட்டினவங்க பாட்டு இல்லாம நம்ம ஊர்ல சாமிக்கே விடியறதில்ல. நம்ம விளக்குக்கு மட்டும் என்ன?

அந்தத் தங்கச்சி அடுத்த கூட்டத்துக்கு வர்றேன்னு சொல்லியிருக்கா. நோட்டுல புதுப் பக்கத்துல அவ பேரை நானே எழுதுவேன்.