கை சிவந்தால் மட்டும் போதுமா?



'சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார்' என்பது பழமொழி. சட்டம் கொடுத்த உரிமையும் சில சமயம் இப்படித்தான் ஒரு மேசையில் வந்து நின்றுவிடுகிறது.

ஐதராபாத்தில் ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் இறந்துவிட்டார். மாநகராட்சியின் வீட்டுவரிக் கணக்கில் தன் பெயரை ஏற்ற வேண்டும். காகிதங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. கட்டணமும் கட்டிவிட்டார். ஆனால் ஊழியர், "ஐயாயிரம் ரூபாய் கொண்டு வாருங்கள், பார்க்கலாம்" என்கிறார். அந்த அம்மா என்ன செய்வார்?

அவர் 1064 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அது தெலுங்கானா ஊழல் தடுப்புப் பிரிவின் எண். ஆந்திரப் பிரதேசத்தில் இந்தப் பிரிவு 1961ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2014இல் மாநிலம் பிரிந்தபின் தெலுங்கானாவுக்குத் தனிப் பிரிவு வந்தது.

புகார் வந்ததும் உடனே யாரையும் பிடித்துவிட மாட்டார்கள். புகார் உண்மையா என்று முதலில் ரகசியமாக விசாரிப்பார்கள். பிறகு ரூபாய் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொள்வார்கள். நோட்டுகளில் பினாப்தலின் என்ற வெள்ளைத் தூளைத் தடவுவார்கள். அது எளிதில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பேர் சாட்சியாக இருப்பார்கள்.

ஊழியர் கேட்டுப் பணத்தை வாங்கியதும் அதிகாரிகள் வந்துவிடுவார்கள். அவருடைய விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைப்பார்கள். தூள் பட்ட கை என்றால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அந்தத் தண்ணீரைப் புட்டியில் அடைத்து, முத்திரை வைத்து, ஆய்வுக்கு அனுப்புவார்கள்.

கை சிவந்தால் மட்டும் போதுமா? போதாது. "அது எனக்குத் திருப்பித் தந்த கடன்" என்று அவர் சொல்லலாம். அவர் லஞ்சம் கேட்டார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. புகார் தந்தவர் இறந்துபோனாலும், பேச்சு மாறினாலும், மற்றச் சாட்சியங்களைக் கொண்டு நிரூபிக்கலாம் என்றும் சொன்னது. ஆனாலும், கேட்டதைக் காதால் கேட்டவரின் சொல்லுக்குத்தான் பலம் அதிகம். அந்த அம்மா நீதிமன்றத்தில் உறுதியாக நின்றால் வழக்கும் நிற்கும்.

"நான் பணம் கொடுத்தால் என்னையும் பிடிப்பார்களே" என்று அவர் பயப்படலாம். 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. அதன்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான். ஆனால் வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் சொல்லிவிட்டால் அவர் குற்றவாளி ஆகமாட்டார். முன்பே சொல்லிவிட்டுப் பொறிக்காகக் கொடுத்தாலும் குற்றம் இல்லை. லஞ்சம் வாங்கிய ஊழியருக்கோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

ஆகவே, யாராவது லஞ்சம் கேட்டால் அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கேட்டவர் யார், என்ன பதவி, எந்தத் தேதி, எந்த வேலைக்கு, எவ்வளவு கேட்டார்? இந்த ஐந்தும் இருந்தால் போதும். பெரிய எழுத்தாக இருந்தாலும், பிழை இருந்தாலும் பரவாயில்லை. அடியில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். கைநாட்டு வைத்த காலம் போய், கையெழுத்துப் போடக் கற்றது இதற்கும்தானே!