மூச்சு வாங்கும் மூக்கு

பாரிஸ் லா சப்பலில் மாணிக்க விநாயகர் தேர் முடிந்து, வீதியில் சிதறிய தேங்காயைக் கூட்டி அள்ளும் நாட்களில்தான் எனக்கு வேலை கூடும். செப்டம்பரில் பிரான்சில் வேட்டைக்காலம் திறக்கும். பெப்ரவரி கடைசியோடு பூட்டு. பாரிசுக்கு மேற்கே ஒரு நாய்ப்பட்டியில் முயல் பிடிக்கும் பீகிள் நாய்களைப் பார்க்கிறேன். கோடை முழுக்கத் தின்று படுத்த நாய்கள்.

ஊருக்குப் போய் ஒரு மாதம் மாமியின் கைச்சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பினவர்களுக்கு மூச்சு வாங்குவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நம்முடைய லா சப்பல் மெத்ரோ மேலே, பாலத்தில் நிற்கிறது. அந்தப் படிகள் எல்லாவற்றையும் சொல்லிவிடும்!

கொழுத்த நாய்க்குக் கால்தான் தளரும் என்று நானும் நினைத்திருந்தேன். முதலில் போவது மூக்கு. நமக்குப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தள்ளும். இரைக்கிற நாயால் சரியாக முகர முடியாது. மோப்பம் பிடிக்க வாயை மூடி, மூக்கால் குறுகக் குறுக இழுக்கவேண்டும். ஒருமுறை கொழுத்த பெட்டை ஒன்றைப் பற்றைக்குள் விட்டேன். முயல் ஓடிய தடத்துக்கு மூன்றடி தள்ளி, நாக்கு வெளியே தொங்க, என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. நாலு கிழமை நடத்தினபிறகு அதே பற்றை. தலை குனிந்தது, வாய் மூடியது, பிறகு எழுந்ததே ஒரு குரல்! அந்தக் குரலுக்காகத்தான், நேயர்களே, விடிய நாலு மணிக்கு எழும்புகிறேன்.

சிப்பிப்பாறை நாய் கண்ணால் கண்டு துரத்தும்; வெட்டவெளியில் ஓடும் முயலுக்கு அது சரி. இங்கத்தைய முயல் குழி தோண்டி வாழ்வது. வட்டமடித்து, திடீரென்று திரும்பி, குழிக்கே வந்து நுழையும். வேகத்தைவிடப் பொறுமையான மூக்குத்தான் வேண்டும். முயலும் முந்தியைப்போல ஏராளமாய் இல்லை. 1952இல், த்ரூ நகருக்குப் பக்கத்து மய்புவாவில், அர்மான் தெலீல் என்ற மருத்துவர் தன் தோட்டத்து முயல்களை ஒழிக்க மிக்சோமா கிருமியை விட்டார். மதிலைத் தாண்டி அது பிரான்ஸ் முழுக்கப் பரவி, பெரும்பாலான முயல்களைக் கொன்றது.

நாய்க்குப் பயிற்சியா? முதல் கிழமை பனி காயுமுன் இருபது நிமிடம், கயிற்றில். கிழமைக்குக் கிழமை கூட்டுங்கள். முதலில் புல், பிறகு மண், கடைசியில் சரளை. முதல் வருடம் நான் அவசரப்பட்டு, அறுவடை முடிந்த கோதுமை வயலில் ஒரு காலை முழுக்க ஓடவிட்டேன். உள்ளங்கால் தோல் உரிந்த நாயைத் தோளில் சுமந்து வண்டிக்குக் கொண்டுவந்தேன். நாய் என்னை மன்னித்தது. முதலாளிக்கு இரண்டு நாள் எடுத்தது.

நேரம் முடிகிறது. சாப்பாட்டை ஓட்டத்துக்கு முன்னே வைக்காதீர்கள், ஆறினபிறகு வையுங்கள். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் புல்முள் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டு நாய் முயலையே காணாத நாயாக இருக்கலாம். இன்றிரவு அதன் விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கையில் தட்டுப்படவில்லையென்றால், நாளைக் காலை அரை மணி முந்தி எழும்பிவிடுங்கள்.