சீருடைக்குக் கிடைத்த நாற்காலி

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக் கல்விக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் உள்ள உறவு என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. அதற்காகப் படித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட ஒரு சிறு தகராறைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நடந்தது அமெரிக்காவில். ஆனால் அதைப் படித்த இரவு எனக்கு என் தாத்தாவின் நினைவுதான் வந்தது.

அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர்களுக்கே பட்டமளிப்பு விழா உண்டு. நீண்ட அங்கி, சதுரத் தொப்பியோடு மேடையேறிச் சான்றிதழ் வாங்குவார்கள். பெற்றோர் சம்மதித்தால் 17 வயதிலேயே படையில் சேரலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். அதனால் படிப்பை முன்கூட்டியே முடித்து, அடிப்படை ராணுவப் பயிற்சியும் பெற்றுவிட்டு விழாவுக்கு வரும் பிள்ளைகளும் உண்டு. 2013இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அப்படி ஒரு மாணவன், மரைன் படைச் சீருடையில் மேடையேற அனுமதி கேட்டான். எல்லோருக்கும் ஒரே உடைதான் என்று பள்ளி மறுத்துவிட்டது. அவன் சண்டை போடவில்லை. அங்கி அணிந்தே சான்றிதழ் வாங்கினான். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு வயது 19.

‘எல்லோருக்கும் ஒரே உடை’ என்பது நமக்குப் பிடித்த வாதம். பள்ளிச் சீருடை சாதியை, வறுமையை மறைக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்த மேடையை உற்றுப் பாருங்கள். பல பள்ளிகளில் அதிக மதிப்பெண் எடுத்தவர்கள் கழுத்தில் தனிக் கயிறு தொங்கும், தோளில் தனிப்பட்டை கிடக்கும். அங்கிக்கு மேலே ‘தகுதி’யைக் காட்டிக்கொள்ள வழி இருக்கிறது. மதிப்பெண்ணுக்குத் தோளில் இடம் கொடுத்துவிட்டு, வேறொன்றைக் கேட்பவனிடம் மட்டும் சமத்துவம் பேசுவது என்ன நியாயம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2002இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டப்படி, மத்திய அரசின் நிதி பெறும் உயர்நிலைப் பள்ளிகள், ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலர்கள் கேட்டால் மாணவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைத் தர வேண்டும். குடும்பம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால்தான் விலக்கு. கல்லூரிகளுக்கும் வேலை கொடுப்பவர்களுக்கும் பள்ளிக்குள் எவ்வளவு இடமோ, அவ்வளவு இடம் படைக்கும் தர வேண்டும். அதாவது, ஆள் பிடிக்கச் சீருடை பள்ளிக்குள் வரலாம். பிடிபட்ட பிள்ளை அதே சீருடையில் மேடைக்கு வரக்கூடாது. யாருடைய பிள்ளைகள் அங்கே அதிகம் பிடிபடுகிறார்கள்? 1973இல் கட்டாய ராணுவ சேவை முடிந்தபின், கல்லூரிக் கட்டணத்தையும் நிலையான சம்பளத்தையும் காட்டித்தான் படை ஆள் சேர்க்கிறது. கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தூண்டில் தேவைப்படாது.

கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் பயிற்சி முடித்த மாணவர் சீருடையில் வரலாம் என்று சட்டமே இயற்றிவிட்டன. அது சரி என்பதுதான் என் கருத்தும். அவன் உழைத்துப் பெற்ற உடை அது. ஆனால் அதே மேடையில் கழுகு இறகு அணிந்து வர, தொல்குடி மாணவர்கள் பல இடங்களில் வழக்குமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அவர்களுக்கும் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

சீருடைக்குக் கிடைக்கும் மரியாதை, அதை அணிந்த மனிதருக்குக் கிடைக்கிறதா? 1946 பிப்ரவரி 12. ஐசக் வுடார்ட் என்ற கறுப்பினச் சார்ஜென்ட், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி, அன்றுதான் விடுவிக்கப்பட்டு வீட்டுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். உடம்பில் இன்னும் ராணுவச் சீருடை. கழிப்பறைக்குப் போக வண்டியை நிறுத்தச் சொன்னதில் ஓட்டுநரோடு வாய்த்தகராறு. தெற்கு கரோலினாவில் காவலர்கள் அவரை இறக்கி அடித்ததில் இரண்டு கண்களும் போயின. அடித்த காவல்துறைத் தலைவரை வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு விடுவித்தது. 1948இல் படைக்குள் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையை ட்ரூமன் பிறப்பித்ததற்குப் பின்னால் இந்தக் கொடுமையும் இருந்தது.

இனி தாத்தாவிடம் வருகிறேன். அவர் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். வேலூர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து போனவர். விடுப்பில் வந்தபோது அப்பாவைப் பள்ளியில் சேர்க்கச் சீருடையிலேயே போயிருக்கிறார். தலைமை ஆசிரியர் எழுந்து நாற்காலி போட்டிருக்கிறார். சில ஆண்டுகள் கழித்து, ஓய்வுபெற்றபின், அத்தையைச் சேர்க்க வேட்டி சட்டையில் போனார். அதே பள்ளி, அதே தலைமை ஆசிரியர். தாத்தா வராந்தாவில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். “நாற்காலி எனக்குப் போடலடா, பித்தளை பட்டனுக்குப் போட்டான்” என்று அப்பாவிடம் சொன்னாராம்.

அதற்காகச் சீருடை நமக்கு எதையுமே தரவில்லை என்று சொல்லிவிட முடியாது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். பள்ளிக்கூடங்கள் சாத்தியிருந்த கதவை அந்தக் குடும்பத்துக்குப் படைதான் திறந்தது. 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேயர் நிறுத்தியபோது அந்தக் கதவும் சாத்தப்பட்டது. மகர் ரெஜிமெண்ட் உருவாக 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படை திறந்த கதவைப் படையே சாத்தவும் முடியும் என்பதுதான் இதில் பாடம்.

அம்பேத்கர் பள்ளித் தேர்வொன்றில் தேறியபோது அவருடைய மக்கள் பாராட்டு விழா எடுக்க விரும்பினார்கள். பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று ராம்ஜி முதலில் மறுத்ததாக அம்பேத்கரே எழுதியிருக்கிறார். பிறகு தாதா கெலுஸ்கர் பேசிச் சம்மதிக்க வைத்தார். விழாவில் தாம் எழுதிய புத்தரின் வாழ்க்கை வரலாற்றைப் பரிசளித்தார். ஒரு சுபேதாரின் மகன் தன் விழாவிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போனது ஒரு புத்தகம். அது அவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை 1956 அக்டோபரில் நாக்பூர் பார்த்தது.

ஆகவே, சீருடை கேட்கும் பிள்ளையை மேடையில் தடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். தடுக்க வேண்டியது, படிக்க வேறு வழியில்லாமல் அவனை அந்த உடைக்குள் தள்ளும் வறுமையை. பித்தளைப் பட்டன் இல்லாத தாத்தாவுக்கும் அந்த நாற்காலி வேண்டும். பள்ளிக்கூடம் அதைப் போடும் வரைக்கும் நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.