மண்ணைக் காப்போம், அந்த மண்ணை எழுத்திலும் கேட்போம்

(ஹட்டனில் நடந்த தோட்டக் கமிட்டி, மாதர் சங்கப் பிரதிநிதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாம் பேச வந்தது லயத்துக்குப் பின்னால் நாம் நடத்தும் சிறு தொழிலைப் பற்றி. இரண்டு பசு, ஒரு துண்டு மரக்கறித் தோட்டம், வருமானப் பங்கீடு என்று கம்பனி பிரித்துக் கொடுத்த ஆயிரம் தேயிலைச் செடி. இதைத் தொழில் என்று நாமே சொல்வதில்லை. "சும்மா கைச்செலவுக்கு" என்கிறோம். ஆனால் பிள்ளையின் வகுப்புக் காசும், கடைக் கடனை அடைக்கும் காசும் அதிலிருந்துதான் வருகிறது. ஆகவே அது தொழில்தான். அது நிலைக்க வேண்டுமானால் மண்ணும் தண்ணீரும் கெடாமல் இருக்க வேண்டும்.

"இயற்கை உரம்" என்று சொன்னாலே நம் ஆட்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பருக்குள் அந்தத் தடையை எடுத்தும் விட்டார்கள். ஆனால் தடை போன பிறகும் உரத்தின் விலை இறங்கவில்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவுக்கு விழுந்தது. மலையில் கொழுந்து இல்லை, கேட்ட கிலோ வரவில்லை, அரைப்பேர் விழுந்தது நமக்கு. பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பிழை சாணியிலோ கூட்டெருவிலோ இல்லை. தேயிலை போன்ற நீண்டகாலப் பயிருக்கு இயற்கை விளைச்சல் என்ற சான்று வேண்டுமானால், ஐரோப்பிய விதிப்படி மூன்று வருடம் மாற்றுக்காலம் கொடுக்க வேண்டும். மண் மெதுவாகத்தான் மாறும். அதை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் மாற்றப் பார்த்தார்கள். நாம் நம் அளவில், படிப்படியாக, கைக்காசு மிச்சமாகும் விதத்தில் செய்யலாம்.

முதலில் மாட்டுப்பட்டி. சாணியும் மூத்திரமும் கழுவி விட்டால் நேரே கானுக்குப் போகிறது. கான் போய்ச் சேருவது கீழ் லயத்துப் பீலிக்குப் பக்கத்தில். மேல் லயத்துப் பட்டியைக் கழுவிய தண்ணீரில் கீழ் லயத்துப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் அது நமக்குள் நாமே செய்யும் அநியாயம். பட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டுங்கள். சாணி, சமையல் கழிவு, பாதையோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தி இலை, இவற்றை அடுக்கடுக்காகப் போடுங்கள். அந்த இலையில் நல்ல உரச்சத்து இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. மேலே பழைய தகரம் ஒன்றைப் போட்டு மூடுங்கள். மழையில் திறந்து கிடந்த சாணியின் சத்து மழையோடு கரைந்து போகும். மாதத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டால் மூன்று மாதத்தில் எரு ஆகும். நுவரெலியாக் குளிருக்கு இன்னும் கொஞ்சம் எடுக்கும்.

அடுத்தது மரக்கறி. நுவரெலியாப் பக்கம் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குக்கு வேண்டியதைவிட அதிக உரம் போடுகிறார்கள் என்று விவசாய ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். பயிர் எடுக்காத உரம் ஆற்றுக்குப் போகிறது. அது நம் காசுதான். ஒரே போகத்தில் எல்லா உரத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு பாத்தியில் மட்டும் எருவைப் போட்டு, மூட்டை உரத்தில் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். விளைச்சல் நின்றால் அடுத்த போகம் இன்னும் கொஞ்சம் குறையுங்கள். அடுப்புச் சாம்பலை மரக்கறிக்குப் போடலாம், தேயிலைக்குப் போடாதீர்கள். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், சாம்பல் அதை முறித்துவிடும்.

மருந்து கலக்கிய வாளியைப் பீலியில் கழுவக் கூடாது. வெறும் மருந்துக் கேனில் குடிதண்ணீர் பிடிக்கவே கூடாது. இங்கே நாம் கலக்குவது இங்கேயே நிற்பதில்லை. தலவாக்கலைப் பக்கத்துத் தண்ணீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. டிக்கோயாப் பக்கத்துத் தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுந்து களனி கங்கைக்குப் போகிறது. கொழும்பு குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

மூன்றாவது தேயிலை மலை. 2015இல் களைநாசினி கிளைபோசேற்றைத் தடை செய்தபோது பல மலைகளில் சுரண்டியை எடுத்தோம். புல் போனது, அதோடு மேல்மண்ணும் போனது. சுரண்ட வேண்டாம். அரிவாளால் அறுத்து அங்கேயே போடுங்கள், அல்லது கையால் பிடுங்குங்கள். கவ்வாத்து முடிந்ததும் தடித்த குச்சியை விறகுக்கு எடுங்கள். இலையும் சிறு குச்சியும் மலையிலேயே கிடக்கட்டும். மழைக்கு முன் கானைத் துப்புரவாக்கி, அதில் சேர்ந்த மண்ணை மேலே தூரில் திரும்பப் போடுங்கள். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையையும், 2025 நவம்பர் டித்வா புயலையும் கண்ட நமக்கு, மலையில் தண்ணீர் வடிய வழி வேண்டும் என்று யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் நாம் செய்யலாம். ஆனால் செய்கிறோமா? ஏன் செய்வதில்லை?

நாங்கள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் தரம் எட்டுப் பிள்ளைகளோடு ஒரு சோதனை செய்தோம். இரண்டு தட்டில் மண் நிரப்பி, சரிவாக வைத்து, ஒன்றில் அறுத்த புல்லைப் பரப்பினோம். மற்றதை வெறுமனே விட்டோம். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீரை ஊற்றினோம். வெறும் மண்ணிலிருந்து செம்மண் குழம்பு ஓடியது. புல் மூடிய தட்டிலிருந்து வந்த தண்ணீர் கொஞ்சம்தான் கலங்கியிருந்தது. ஒரு பிள்ளை சொன்னாள்: "டீச்சர், எங்க மலையிலயும் புல்லு போட்டா மண் ஓடாது. ஆனா அப்பா போடமாட்டாங்க. அடுத்த வருசம் அந்த மலை எங்களுக்குத்தானான்னு தெரியாதாம்."

அந்தப் பிள்ளை சொன்னதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்தோம். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் காடாகிக் கிடந்த துண்டை எடுத்து, இரண்டு வருடம் எருவைச் சுமந்து கொட்டியது. செடி தேறி, கொழுந்து நல்லபடியாக வரத் தொடங்கியதும் அவர்களை வேறு துண்டுக்கு மாற்றினார்கள். சங்கம் போய்ப் பேசியது. காட்டுவதற்குக் கையில் ஒரு கடதாசி இல்லை. அந்தக் குடும்பம் இனி எரு சுமக்குமா? கிடைக்கும்வரை மூட்டை உரத்தை அள்ளிப் போட்டுக் கொழுந்தைப் பறிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

1990களில் கம்பனிகளுக்கு இந்த மலைகளை 53 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். முதலீடு போடுகிறவனுக்கு நீண்ட காலம் வேண்டும் என்பதுதான் அதற்குச் சொன்ன நியாயம். எரு சுமப்பதும் முதலீடுதானே? கம்பனிக்கு 53 வருடம், நமக்கு வாய்ச்சொல்லா? நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் தருவது சிறு தோட்ட உடைமையாளர்கள். சொந்தக் காணி இருப்பதால் அவர்களுக்கு அதிகாரசபை இருக்கிறது, மானியம் இருக்கிறது, ஆலோசகர் வந்து பார்க்கிறார். அதே வேலையைச் செய்யும் நாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. செடி பிரித்துக் கொடுக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தமிழில் எழுதிய, எல்லை குறித்த, நீண்டகால ஒப்பந்தம் வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். துண்டைத் திரும்ப எடுத்தால் மண்ணில் போட்ட உழைப்புக்கு நட்டஈடு வேண்டும். கொழுந்து விலையும் உரத்துக்குப் பிடிக்கும் காசும் மாதாமாதம் எழுத்தில் வர வேண்டும். இந்த முறையைச் சாட்டி செக்ரோலில் பேரை வெட்டி, சேமலாப நிதியைக் குறைக்க இடம் கொடுக்க மாட்டோம்.

கோரிக்கை நிறைவேறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு தோட்டத்திலும் மூன்று வேலை நடக்கட்டும். மாடு வைத்திருக்கும் வீடுகள் ஒரு எருக்குழி வெட்டட்டும். மாதர் சங்கம் பீலியைச் சுற்றிப் பார்த்து, பட்டித் தண்ணீர் எங்கே சேருகிறது என்று கமிட்டிக்குச் சொல்லட்டும். கமிட்டித் தலைவர்கள் ஒரு கொப்பியில் எழுதட்டும்: யார் வீட்டுக்கு எந்த மலையில் எத்தனை செடி, எந்தத் திகதியில் கொடுத்தார்கள், அன்றைக்கு அது எப்படிக் கிடந்தது, அதன் பிறகு என்ன செய்தோம். அடுத்த தடவை துரையோடு பேசப் போகும்போது அந்தக் கொப்பி நம் கையில் இருக்க வேண்டும்.